மாயா கைத்தறி ஆடையை அறிந்து வாங்கவும் அணியவும் பேணவும்: சிங்கப்பூர்த் தமிழருக்கு ஒரு வழிகாட்டி

மத்திய அமெரிக்கப் பழங்குடியினரான மாயா மக்களின் கைத்தறி ஆடை ஒன்றை வாங்க விரும்புகிறவர், விலை கேட்பதற்கு முன் அது எந்த ஊர் ஆடை என்று கேட்க வேண்டும். குவாத்தமாலாவின் மலைநாட்டிலும் அதை ஒட்டிய மெக்சிக்கோவின் சியாப்பாஸ் மாநிலத்திலும், ஒரு பெண் அணிந்திருக்கும் மேலாடையின் நிறத்தையும் பூவேலையையும் கண்டே அவர் எந்த ஊர்க்காரர் என்று அங்குள்ளவர்கள் சொல்லிவிடுவார்கள். குவாத்தமாலாவில் மட்டும் 22 மாயா மொழிச் சமூகங்கள் இருக்கின்றன; ஒரே மொழி பேசும் அண்டை ஊர்கள்கூட வெவ்வேறு ஆடைகளை உடுத்துகின்றன. ஆகவே இணையத்தில் ‘மாயா உடை’ என்ற பெயரோடு மட்டும் விற்கப்படும் துணி, ‘இந்தியப் புடவை’ என்ற சீட்டு ஒட்டப்பட்ட காஞ்சிப் பட்டைப்போல, தன் அடையாளத்தில் பெரும்பகுதியை வழியிலேயே தொலைத்துவிட்டு வந்திருக்கிறது.

சிங்கப்பூரில் இந்த ஆடைகள் நம் கைக்கு வருவது பெரும்பாலும் மூன்று வழிகளில்தான்: பயணம் போனவர் வாங்கி வந்தது, இணையத்தில் வரவழைத்தது, அல்லது நண்பர் பரிசளித்தது. எந்த வழியில் வந்தாலும், அந்தத் துணியைப் படிக்கத் தெரிந்துகொண்டால் அதை வாங்குவதும் அணிவதும் பாதுகாப்பதும் தெளிவாகிவிடும்.

ஆடையின் உறுப்புகளும் அவை உருவாகும் விதமும்

பெண்களின் மேலாடைக்கு வீப்பில் என்று பெயர். இடுப்பைச் சுற்றி உடுத்தும் நீண்ட துணி கோர்த்தே. அதை இறுக்கிக் கட்டும் கச்சை ஃபாஹா. சூத்தே என்பது பல வேலைகளுக்கு உதவும் சதுரத் துணி. அது கூடையை மூடும், குழந்தையைச் சுமக்கும், தலைக்கு வெயில் மறைப்பாகும், சடங்குகளில் புனிதப் பொருளைத் தாங்கும். இவற்றோடு தலைமுடியில் சுற்றும் நாடாக்களும் ஊருக்கு ஊர் மாறும். சாந்தியாகோ அதித்லான் ஊரில், மாயா மொழிச் சமூகங்களில் ஒன்றான சுதுஹிலின் பெண்கள் தலையைச் சுற்றிப் பல மீட்டர் நீளமுள்ள சிவப்பு நாடாவைத் தட்டையான வட்டமாகச் சுற்றிக்கொள்வார்கள். அந்தத் தலையலங்காரத்தோடு கூடிய ஒரு பெண்ணின் முகம் குவாத்தமாலாவின் 25 சென்டாவோ நாணயத்தில் பொறிக்கப்பட்டுள்ளது.

வீப்பிலுக்கான துணியைப் பெரும்பாலும் பெண்கள் இடுப்புத் தறியில் நெய்கிறார்கள். இந்தத் தறிக்குச் சட்டமே கிடையாது. சில கழிகளும் கயிறும் ஒரு பட்டையும்தான் முழுக் கருவி. நீளவாக்கில் ஓடும் பாவு நூலுக்கு மக்காச்சோளக் கஞ்சி போட்டு விறைப்பாக்கியபின், பாவின் ஒரு முனைக் கழியை மரத்திலோ வீட்டுத் தூணிலோ கட்டுகிறார்கள். மறுமுனைக் கழியோடு இணைந்த பட்டையைத் தம் இடுப்புக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு, நெய்பவர் தரையில் முழந்தாளிட்டு அமர்கிறார். அவர் சற்றுப் பின்னால் சாய்ந்தால் பாவு இறுகும். முன்னால் வந்தால் தளரும். பாவு இழைகளைப் பிரித்துத் தூக்கும் விழுதுக் கழியைத் தூக்கி, வழவழப்பான மரவாளைச் செருகிப் பாவைத் திறந்து, குறுக்கு நூலான ஊடையைச் செலுத்தி, அதே மரவாளால் அடித்து இறுக்குவது ஒரு சுற்று. சரவாக்கின் இபான் பெண்கள் புவா கும்பு துணியை நெய்வதும் இடுப்புத் தறியில்தான் என்பதால், நம் வட்டாரத்துக்கு இம்முறை அந்நியமானதன்று.

இத்தறியில் நெய்பவரின் கை எட்டும் அகலமே துணியின் அகலம். அதனால் ஒரு வீப்பிலுக்கு இரண்டு அல்லது மூன்று துண்டுகள் தேவைப்படுகின்றன. அவற்றை இணைக்கும் தையலை மறைக்காமல், ரண்டா எனப்படும் வண்ணத் தையலால் அதையே ஓர் அலங்காரமாக ஆக்கிவிடுகிறார்கள். நெய்த துண்டை வெட்டி உருவம் கொடுக்கும் வழக்கமும் இல்லை. கழுத்துக்கு மட்டும் திறப்பு விட்டு, பக்கங்களைத் தைத்து, செவ்வகங்களாலேயே ஆடையை முடித்துவிடுவார்கள்.

பூவேலை என்று நாம் காண்பது பெரும்பாலான ஊர்களில் ஊசிவேலை அன்று; தறியிலேயே நெய்தது. அடிப்படை ஊடையோடு கூடுதலாக ஒரு வண்ண நூலை எடுத்து, பாவு இழைகளை விரலாலோ சிறு குச்சியாலோ எண்ணித் தூக்கி, வரிக்கு வரி உருவத்தை எழுப்புகிறார்கள். நெருக்கமான வேலைப்பாடுள்ள வீப்பில் ஒன்றை வீட்டு வேலைகளுக்கிடையே நெய்து முடிக்கப் பல மாதங்கள் ஆகும்.

கோர்த்தேயின் கதை வேறு. ஸ்பானியர் கொண்டுவந்த மிதிதறியில், பெரும்பாலும் ஆண்கள், நீண்ட துணியாக அதை நெய்கிறார்கள். நூலைக் கட்டிச் சாயம் தோய்த்தபின் நெய்யும் ஹாஸ்பே முறை, நாம் இக்காட் என்று அறிந்திருப்பதேதான். சல்காஹா என்ற ஊர் அதற்குப் பெயர்பெற்றது. ஆசிய நாகரிகங்கள் அரும்பொருளகத்தில் தென்கிழக்காசியத் துணிகளை நின்று நிதானமாகப் பார்த்தவர்களுக்கு, வடிவத்தின் ஓரம் இறகுபோல் கலங்கித் தெரிவதைக் கொண்டே ஹாஸ்பே துணியை அடையாளம் காண இயலும்.

துணியில் எழுதியிருப்பதைப் படித்தல்

இந்த ஆடைமரபு மிகப் பழையது. பழைய மாயா நகரமான யாஷ்சிலானின் கோயில் ஒன்றின் வாசலில் 8ஆம் நூற்றாண்டில் செதுக்கப்பட்ட கல் உத்தரம் இப்போது பிரிட்டிஷ் அரும்பொருளகத்தில் உள்ளது. அதில் காணப்படும் கபால் ஷோக் அரசியின் வீப்பிலில் வைரக்கட்ட வடிவங்கள் நூல் நூலாகச் செதுக்கப்பட்டுள்ளன. சியாப்பாஸ் மலைநாட்டு வீப்பில்களில் இன்றும் வைரக்கட்டமே முதன்மையான வடிவம். நான்கு மூலைகளையும் நடுவையும் கொண்ட அந்தக் கட்டம் உலகத்தையும் அதன் நான்கு திசைகளையும் சூரியனின் பாதையையும் குறிக்கிறது என்று அங்கே விளக்குவார்கள். அதை அணிந்துகொள்ளும் பெண்ணின் தலை, கழுத்துத் திறப்பின் வழியே அந்த உலகத்தின் நடுவிலிருந்து எழுகிறது. சிச்சிகாஸ்தெனாங்கோவின் கிச்சே பெண்கள் அணியும் வீப்பிலிலோ கழுத்தைச் சுற்றிக் கதிர்கள் விரியும் சூரிய வடிவம் இருக்கும். இரட்டைத் தலைக் கழுகும் அவ்வூருக்குரிய சின்னமாகும். அக்கழுகு ஸ்பெயினை ஆண்ட ஹாப்ஸ்பர்க் அரசகுலத்தின் சின்னத்திலிருந்து வந்தது என்பாரும் உண்டு. முன்னும் பின்னும் பார்க்கும் மாயா தெய்வீகப் பறவை என்பாரும் உண்டு. இரண்டு விளக்கங்களும் ஒரே துணியில் சேர்ந்து வாழ முடியும் என்றே நான் கருதுகிறேன்.

இன்னும் சில ஊர்களை நினைவில் வைத்துக்கொள்வது பயன்தரும். சான் அந்தோனியோ அகுவாஸ் காலியந்தேஸ் ஊரின் கக்சிகேல் பெண்கள், முன்புறமும் பின்புறமும் ஒன்றேபோல் தெரியும்படி பூக்களையும் பறவைகளையும் நெய்வதில் தேர்ந்தவர்கள். சான் ஹுவான் கோமலாப்பா வீப்பிலில், தட்டின் நடுப்பகுதி என்று பொருள்படும் ருபான் பிளாத்தோ வடிவத்தைக் காணலாம். கோபான் பகுதியின் கெக்சி பெண்கள் வெண்ணிறத் துணியில் வெண்ணிற நூலாலேயே உருவம் நெய்யும் பிக்பில் என்ற மெல்லிய துணி, டாக்கா ஜம்தானியை விரும்புகிறவர்களின் கண்ணை உடனே ஈர்க்கும். ஆண்களும் மரபுடையை முழுதும் கைவிட்டுவிடவில்லை. தோதோஸ் சாந்தோஸ் குச்சுமாத்தான் ஊரில் சிவப்பு வெள்ளைக் கோடுகளிட்ட கால்சட்டையை இன்றும் அணிகிறார்கள்.

நெசவு அங்கே வழிபாட்டோடும் நாள்கணக்கோடும் பிணைந்தது. தெய்வமான இஷ்செல், நெசவோடும் மகப்பேற்றோடும் சேர்த்துப் போற்றப்படுகிறார். குவாத்தமாலா நகரத்தின் மாயா உடை அரும்பொருளகம் அவர் பெயரையே தாங்கியிருக்கிறது. 260 நாள் புனித நாள்காட்டியில் பாட்ஸ் என்ற நாள் நூலுக்கும் நெசவுக்கும் உரியது. அந்நாள்காட்டியில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பெயரும் ஓர் எண்ணும் உண்டு; எட்டாம் எண்ணோடு பாட்ஸ் சேரும்போது மொமோஸ்தெனாங்கோவில் பெரும் சடங்கு நடைபெறுகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. ‘வளைகோடு என்றால் பாம்பு, பறவை என்றால் விடுதலை’ என்று ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரே பொருள் சொல்லும் அட்டவணைகளை விற்பனையாளர்கள் துணியோடு இணைத்து அனுப்புவதுண்டு. அதே வளைகோடு ஓர் ஊரில் பாம்பாகவும் இன்னோர் ஊரில் மலைத்தொடராகவும் மற்றோர் ஊரில் மின்னலாகவும் இருக்கலாம். ஓர் அழகான வடிவத்தை நெய்தவர் அழகுக்காகவே நெய்திருக்கவும் கூடும். ஊர் தெரியாமல் பொருள் சொல்லும் எந்த விளக்கத்தையும் நம்ப வேண்டாம். மரபு உறைந்து நிற்பதும் இல்லை. சியாப்பாஸின் சினகாந்தானில் முன்பு சிவப்பு வெள்ளைக் கோடுகள் கொண்டிருந்த துணி, அவ்வூர் பூச்சாகுபடியில் செழித்த பிறகு, ஆழ்ந்த நீலத்திலும் ஊதாவிலும் பெரிய பூக்களால் நிறைந்துவிட்டது. அவ்வூர்க்காரருக்கு இரண்டுமே தங்கள் உடைதான்.

ஊரைக் காட்டும் ஆடை உயிருக்கு ஆபத்தாகவும் இருந்திருக்கிறது. 1960 முதல் 1996 வரை நீடித்த குவாத்தமாலா உள்நாட்டுப் போரில் கொல்லப்பட்டோரும் காணாமற்போனோரும் 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் என்று உண்மை ஆணையம் 1999இல் மதிப்பிட்டது. அடையாளம் காணப்பட்டவர்களில் 83 விழுக்காட்டினர் மாயா மக்கள். இராணுவம் குறிவைத்த ஊரின் ஆடையை அணிந்திருப்பதே ஆபத்து என்பதால், பிழைத்து ஓடிய பலர் தம் வீப்பிலைக் கழற்றி வைத்துவிட்டு வேற்றூர் உடைக்கோ மேற்கத்திய உடைக்கோ மாறினார்கள். மாயா மக்களின் உரிமைக்காகப் போராடிய கிச்சே பெண் ரிகோபெர்த்தா மெஞ்சு 1992இல் அமைதிக்கான நோபெல் பரிசு பெற்றபோது உலகம் அவரை வீப்பிலோடும் கோர்த்தேயோடும் கண்டது. அதற்கு முந்தைய ஆண்டுகளை அறிந்தவர்களுக்கு அந்த உடையின் கனம் புரியும்.

கைநெசவைச் சோதிக்கும் முறை

முதலில் ஓரங்களைப் பாருங்கள். இடுப்புத் தறித் துண்டுக்கு நான்கு பக்கமும் கரை இருக்கும். பாவு நூல் முனையில் திரும்பி மீண்டும் உள்ளே வரும். இரு முனைகளிலிருந்தும் தொடங்கிய நெசவு சந்திக்கும் கடைசிச் சில அங்குலங்களில் மரவாளைச் செருக இடமிருக்காது. குச்சியாலோ ஊசியாலோ ஊடையை இழுத்து நிரப்ப வேண்டும். அதனால் துணியின் குறுக்கே ஒரு பட்டை மட்டும் சற்று இளகி, நெருக்கம் குறைந்து தெரியும். அதைக் குறை என்று நினைத்துத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். கைநெசவுக்கு அதைவிட உறுதியான சான்று வேறில்லை.

அடுத்து மறுபக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அண்மைக்காலத்தில் பாலியெஸ்டர் துணியில் வீப்பில் வடிவங்களை அச்சடித்து மலிவாக விற்கிறார்கள். அதன் பின்புறம் வெளிறியிருக்கும். விரலால் தடவினால் நூல் மேடு தட்டுப்படாது. கணினி எம்பிராய்டரி என்றால், பின்புறத்தில் ஒரே சீரான வெள்ளைக் கீழ்நூல் ஓடும். கையால் நெய்த வேலைப்பாட்டில் ஒரே பறவை மீண்டும் வரும்போது ஓரிரு இழைகள் கூடியோ குறைந்தோ இருக்கும்.

நூலின் தன்மையை வைத்து மட்டும் தீர்ப்பு சொல்லக் கூடாது. நம்மில் பலர் அக்ரிலிக் நூலையோ மினுமினுக்கும் ஜிகினா இழையையோ கண்டவுடன் போலி என்று ஒதுக்கிவிடுகிறோம். மாயா நெசவாளர்களே அந்நூல்களின் பளிச்சென்ற நிறத்தை விரும்பி வாங்குகிறார்கள். அதேபோல் மிதிதறியில் நெய்யப்படும் கெத்சால்தெனாங்கோ வீப்பிலும், வெள்ளைத் துணியில் பூத்தையல் போடப்படும் மெக்சிக்கோவின் யுகத்தான் ஆடையும் உண்மையானவையே. இயற்கைச் சாயம் வேண்டுமென்றால் அதைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். அதித்லான் ஏரிக்கரையில் உள்ள சான் ஹுவான் லா லகூனாவின் பெண்கள் கூட்டுறவுக் குழுக்கள் அதற்குப் பெயர்பெற்றவை.

வாங்கும்போது

ஊர், நெய்தவர் பெயர், அவர் அனுமதியோடு விற்கப்படுகிறதா, புதியதா பயன்படுத்தியதா, அவருக்குச் சேர்ந்த பங்கு எவ்வளவு ஆகிய கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். நெசவாளர் கூட்டுறவுகள் இவற்றுக்குத் தயங்காமல் விடை தரும். மாயா நெசவாளர்கள் தங்கள் வடிவங்களைக் கூட்டுச் சொத்தாகக் காக்கச் சட்டம் வேண்டும் என்று 2016இல் குவாத்தமாலாவின் அரசமைப்பு நீதிமன்றத்தை நாடினார்கள். அவர்கள் வடிவத்தை வேறெங்கோ ஆலையில் அச்சடித்து விற்பதால் அவர்களுக்கு ஒரு காசும் சேர்வதில்லை என்பதை மனத்தில் வைத்து வாங்க வேண்டும்.

பழைய வீப்பில்களை வெட்டித் தைத்த பைகளும் காலணிகளும் ஏராளமாக விற்பனைக்கு வருகின்றன. கிழிந்துபோன துணிக்கு அப்படி மறுவாழ்வு கிடைப்பதை நான் குறை சொல்லமாட்டேன். முழுமையாக இருக்கும் ஒன்றை வெட்டியிருந்தால் வாங்கமாட்டேன். கொஃப்ராதியா எனப்படும் சமயக் குழுக்களின் சடங்கு வீப்பில்களையும், அவை எப்படி விற்பனைக்கு வந்தன என்று தெரியாதவரை, தவிர்ப்பதே நல்லது.

வரிக் கணக்கையும் முன்கூட்டியே போட்டுவிடுங்கள். சரக்குக் கட்டணமும் காப்புறுதியும் சேர்ந்த மதிப்பு 400 வெள்ளியைத் தாண்டினால், சிங்கப்பூருக்குள் வரும்போது 9 விழுக்காடு பொருள் சேவை வரி உண்டு. அதற்குட்பட்ட பொருளுக்கு, இங்கே வரிக்குப் பதிவுசெய்த வெளிநாட்டு விற்பனையாளர்கள் 2023 ஜனவரி 1 முதல் வாங்கும்போதே வரியைச் சேர்த்துவிடுகிறார்கள்.

அணியும்போது

மாயா அல்லாதவர் அணியலாமா என்று சிலர் தயங்குகிறார்கள். விற்பனைக்கென்று நெய்து தந்த பெண்ணிடமிருந்து நேர்மையாக வாங்கியதை மரியாதையோடு அணிவதில் தவறில்லை என்பதே என் நிலைப்பாடு. வேடமாக அணிவதுதான் கூடாது. ஜூலை 21 இன நல்லிணக்க நாளுக்குப் பிள்ளைக்கு இதை உடுத்தி அனுப்பினால், இறகுக் கிரீடமோ முகச்சாயமோ சேர்க்காமல், ஊரின் பெயரையும் அந்த மக்கள் இன்றும் வாழ்கிறார்கள் என்பதையும் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்து அனுப்புங்கள். மாயா என்றாலே மறைந்துபோன பிரமிடு நாகரிகம் என்று எண்ணும் வகுப்பறைக்கு அந்த ஒரு வரி பெரிதும் பயன்படும்.

முழு வேலைப்பாடுள்ள வீப்பில் கனமானது. நம் வெப்பத்துக்குக் குளிரூட்டிய அரங்கமே ஏற்ற இடம். உள்ளே மெல்லிய பருத்திச் சட்டை அணிந்தால் வியர்வை துணியில் இறங்காது. கீழே ஒரே நிற நீண்ட பாவாடையோ தளர்ந்த கால்சட்டையோ பொருந்தும். அளவு பெரிதாக இருந்தால் இடுப்பில் செருகி அணியுங்கள். வெட்டிச் சிறிதாக்க வேண்டாம். வாசனைத் தைலத்தைத் துணியின்மேல் தெளிப்பதும், ஊக்கு வைத்த அணிகளைக் குத்துவதும் நெசவைக் கெடுக்கும்.

ஈரமான ஊரில் பேணுதல்

சிங்கப்பூரின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். மலைநாட்டின் குளிர்ந்த காற்றில் நெய்த துணி இங்கே மூடிய அலமாரியில் சில வாரங்களிலேயே பூஞ்சணம் பிடிக்கலாம். அணிந்து கழற்றியதும் மடித்து வைக்காமல், நிழலில் மின்விசிறிக் காற்றில் ஓரிரவு விரித்துவையுங்கள். ஒவ்வொரு முறையும் துவைக்கத் தேவையில்லை.

துவைப்பதற்கு முன், ஈரமான வெள்ளைப் பருத்தித் துணியை ஒவ்வொரு நிறத்தின்மீதும் அழுத்திப் பாருங்கள். குறிப்பாகச் சிவப்பும் கருநீலமும் பழைய துணிகளில் இறங்கும். சாயம் ஒட்டினால் நனைக்கவே வேண்டாம். ஒட்டாவிட்டால், அகன்ற தொட்டியில் குளிர்ந்த நீரும் மென்மையான சலவைத் திரவமும் கலந்து, முறுக்காமல் அமுக்கிக் கழுவி, பெரிய துவாலையில் சுருட்டி நீரை ஒற்றியெடுங்கள். வீவக வீட்டுச் சன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் மாட்டக் கூடாது. நனைந்த வீப்பிலின் எடை முழுவதும் தோள்மடிப்பில் இறங்கி ரண்டா தையல் பிரியும், வெயிலில் நிறமும் வெளுக்கும். தட்டையாக விரித்தே உலர்த்த வேண்டும்.

சேமிக்கும்போது, பலமுறை துவைத்துக் கஞ்சி முழுதும் நீங்கிய பழைய வெள்ளை வேட்டித் துண்டில் சுற்றி வையுங்கள். கஞ்சி இருந்தால் இராமபாணப் பூச்சி வரும். நெகிழிப் பையில் அடைத்தால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். ஈரமுறிஞ்சி டப்பாவை அலமாரியின் மூலையில், கவிழ்ந்து துணியில் கொட்டாத இடத்தில் வைத்து, நிரம்பியதும் மாற்றுங்கள். அந்துருண்டை நேராகத் துணியைத் தொடக் கூடாது. மாதம் ஒருமுறை எடுத்து, முந்தைய மடிப்பில் அல்லாமல் வேறிடத்தில் மடித்து வையுங்கள். கம்பளி கலந்த துணியில் அந்துப்பூச்சி தென்பட்டால், காற்றில்லாமல் பையில் கட்டி உறைபெட்டியில் இரண்டு வாரம் வைத்து, வெளியே எடுத்தபின் ஒருநாள் கழித்தே பையைப் பிரிக்க வேண்டும். உறைபெட்டிக்காக மட்டுமே நெகிழிப் பை அனுமதிக்கப்படுகிறது.

ரண்டா பிரிந்தால் தேக்காவில் புடவைக்கு ஓரம் தைக்கும் கைவல்லவர்கள் சரிசெய்துவிடுவார்கள். பழைய தையலை முழுதும் பிரிக்காமல், பிரிந்த இடத்தை மட்டும் அதே தடிமனுள்ள பருத்தி நூலால் கைத்தையல் போடச் சொல்லுங்கள். பிறகு ஒரு சிறு பருத்தி நாடாவில் ஊரின் பெயர், நெய்தவர் பெயர், வாங்கிய ஆண்டு, சரிசெய்த இடம் ஆகியவற்றைச் சாயம் இறங்காத மையால் எழுதி, உட்புறக் கரையில் நான்கு தளர்ந்த தையல்களால் இணைத்துவிடுங்கள். துணி நாளை யார் கைக்குப் போனாலும் அந்தச் சீட்டும் கூடவே போக வேண்டும்.